மேடு ஏறும் வாய்வு

தென் லண்டனில், சட்டன் ஹை ஸ்ட்ரீட் என்ற கடைத்தெரு ரயில் நிலையத்தை நோக்கி ஏறிக்கொண்டே போகும். பெரிய ஏற்றம் என்று சொல்ல முடியாது. பிள்ளைவண்டி தள்ளுகிறவர்களுக்கும் சாமான் பை இழுக்கிறவர்களுக்கும்தான் அது ஏற்றம் என்பது தெரியும். எண்பதுகளின் கடைசி வருடங்களில் நானும் அண்ணையும் வேலைநாட்களில் அந்தத் தெருவால் ஏறித்தான் ரயில் பிடித்தோம். அவருக்கு நகரத்துக்குள் ஒரு பொதிக் கிடங்கில் வேலை. எனக்கு ஒரு மருத்துவக் கல்லூரியின் ஆய்வுப் பிரிவில்.

நான் முன்னால் நடப்பேன், அவர் பின்னால். பாதி வழியில் திரும்பிப் பார்த்தால் சப்பாத்துக் கடைக்கு முன்னால் நிற்பார். பிறகு வீட்டுக்கடன் கொடுக்கும் நிறுவனமொன்றின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வட்டி வீதத்தை வாசிப்பார். கடைசியாக, நிலையத்துக்குச் சற்றுக் கீழே, புல்வெட்டும் இயந்திரங்கள் விற்கிற கடை. அங்கேதான் கூடுதலாக நிற்பார். கைகள் இரண்டும் கோட்டுப் பைக்குள், முகம் கண்ணாடிக்கு மிக அருகில்.

நாங்கள் இருந்தது இரண்டாம் மாடியில், நகரசபை வாடகைக்குக் கொடுத்த ஒரு கவுன்சில் பிளாட். எங்களிடம் இருந்த பச்சை எல்லாம் யன்னல் ஓரத்தில் அண்ணி ஒரு தகரப் பேணியில் வளர்த்த கொத்தமல்லிதான்.

"அண்ணை, எந்தப் புல்லை வெட்டப் போறியள்?"

"பாத்தால் காசு கேப்பினமோ? நீ நட, நான் வாறன்."

வீட்டில் இது நிரந்தரப் பகிடி ஆகிவிட்டது. மாலையில் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே அண்ணி கேட்பார்: "இண்டைக்கு எத்தினை மிசின் வாங்கினவர், மச்சாள்?"

நான் சிரித்தாலும் எனக்குள் எரிச்சல் இருந்தது. நேரத்துக்கு வேலைக்குப் போகிற ஆள் நான். நாட்குறிப்பில்கூட முதலில் காலநிலை, அடுத்துப் போன இடம், அடுத்துச் சந்தித்தவர்கள் என்று ஒழுங்கு மாறாமல் எழுதுகிறவள். கண்முன்னே ரயில் வந்து நிற்க, கீழே ஒரு மனிதர் புல்வெட்டி பார்த்துக்கொண்டு நிற்பதை என்னால் தாங்க முடியாது.

அந்த ஆய்வு வேலை எனக்குக் கிடைத்தது தமிழால். ஐரோப்பாவின் பல நகரங்களில் ஒரே கேள்விகளைக் கேட்டுக்கொண்டு திரிந்தார்கள். என்ன சாப்பிடுகிறீர்கள், எந்த எண்ணெயில் பொரிக்கிறீர்கள், எவ்வளவு புகைக்கிறீர்கள், எவ்வளவு நடக்கிறீர்கள். பிறகு சில வருடங்கள் கழித்து அதே ஆட்களுக்கு என்ன நோய் வந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். ஓர் ஊரில் ஒலிவ் எண்ணெய், இன்னோர் ஊரில் பட்டர், இங்கே மாஜரீன். லண்டனில் ஆய்வு என்றால் வெளியிலிருந்து வந்து குடியேறியவர்களையும் விட முடியாது. அதனால் கேள்விகள் குஜராத்தியிலும் பஞ்சாபியிலும் வங்காளத்திலும் தமிழிலும் அச்சாகின.

பயிற்சியின்போது எங்களுக்குச் சொன்ன விதிகள் எனக்காகவே அளவெடுத்துத் தைத்தது போல இருந்தன. கேள்வியை அச்சில் உள்ளபடி வாசிக்க வேண்டும். விளங்கவில்லை என்றால் அதே கேள்வியைத் திரும்ப வாசிக்க வேண்டும். விளக்கம் சொல்லக் கூடாது. தலையாட்டக் கூடாது. என்ன பதில் வந்தாலும் முகத்தில் வியப்புக் காட்டக் கூடாது. ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொருவர் தன் விருப்பத்துக்குக் கேட்டால், வித்தியாசம் நோயிலா கேள்வியிலா என்று ஒருவருக்கும் தெரியாமல் போய்விடும். இது எனக்கு முதல் நாளே விளங்கியது. இன்றும் அது சரி என்றே நினைக்கிறேன்.

வெளியில் போவதற்கு முன் வீட்டில் யாரையாவது வைத்துப் பழகிப் பார்க்கச் சொன்னார்கள். அண்ணையைக் குசினி மேசையில் இருத்தினேன். அண்ணி அடுப்படியில் எங்களுக்கு முதுகு காட்டி மிளகாய் பொரித்துக்கொண்டிருந்தார்.

"நேற்று நீங்கள் உண்ட உணவுகளைக் கூறவும்," என்று வாசித்தேன்.

"நேத்து நான் சாப்பிடேல்லை."

அண்ணி கரண்டியோடு திரும்பினார். "என்ன? அப்ப அந்த ஆறு ரோல்சும் விழுங்கினது ஆர்?"

"அது ரோல்ஸ். சோறு தின்னேல்லை எண்டு சொல்லுறன்."

"காலமை பாண் தந்தனான்."

"பாணும் ஒரு சாப்பாடோ?"

"அண்ணை," என்றேன், "உதை வாசிக்கிறவை நீங்கள் பட்டினி கிடக்கிறியள் எண்டு நினைக்கப் போகினம்."

"நினைக்கட்டும். பெனிபிட் காசு கூட்டித் தருவினம்."

அடுத்த பக்கம். "நீங்கள் தற்போது புகைபிடிப்பவரா?"

அண்ணை அண்ணியின் முதுகைப் பார்த்தார். "இல்லை."

"வீட்டில இல்லை," என்றது முதுகு.

நெஞ்சு பற்றிய கேள்விகள் அதற்குப் பிறகு. "உங்களுக்கு எப்போதாவது நெஞ்சு வலி ஏற்பட்டதுண்டா?"

"வலியோ? எனக்கென்னத்துக்கு வலி வருது? சீ."

இல்லை என்று குறித்தேன். இல்லை என்பது பதிலானால், அந்தப் பக்கத்தை விட்டு அடுத்த பகுதிக்குப் போகவும் என்று அடியில் அச்சிட்டிருந்தது. விடப்பட்ட பக்கத்தில் ஆறேழு கேள்விகள் இருந்தன. மேட்டில் ஏறும்போது வருகிறதா, வந்தால் என்ன செய்வீர்கள், நின்றால் போய்விடுகிறதா, எந்த இடத்தில் என்று. அவை எனக்கு மனப்பாடம். ஆனால் கேட்க வேண்டியதில்லை. பக்கத்தைப் புரட்டினேன்.

முதல் கிழமைகளில் நான் போன வீடுகளில் ஒன்று வெஸ்ட் ஈலிங்கில். கோயிலுக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்த ஓர் அம்மா. நெற்றியில் திருநீறு காயவில்லை. மரக்கறி பற்றியும் விரதம் பற்றியும் சந்தோசமாகச் சொல்லிக்கொண்டு வந்தவர் நெஞ்சு வலி என்றதும் முகத்தை மாற்றினார்.

"வலியோ? எங்கட பகுதியில ஒருத்தருக்கும் அந்த வருத்தம் இல்லை, பிள்ளை. அது என்ர மாமியின்ர ஆக்களுக்குத்தான். காக்கை வலி. ஒருத்தன் கிணத்தடியில விழுந்து நுரை தள்ளினவன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "உதை ஒரு இடமும் எழுதிப் போடாதை. எனக்குக் கட்டிக்குடுக்க ரெண்டு குமர் இருக்கு."

விதிப்படி அதே கேள்வியைத் திரும்ப வாசித்தேன். நெஞ்சு என்ற சொல்லைச் சற்று அழுத்தியிருக்கலாம், அதுவும் கூடாது. அவர் இன்னும் பலமாக இல்லை என்றார். நான் இல்லை என்று குறித்தேன்.

ரயிலில் வரும்போது அது என்னை உறுத்திக்கொண்டே வந்தது. நெஞ்சு வலி என்றால் என்னவென்று எங்கள் ஆட்களுக்குத் தெரியாமல் இல்லை. சினிமாவில் கேட்டிருக்கிறார்கள், பத்திரிகையில் வாசித்திருக்கிறார்கள். ஆனால் வாயில் வருகிற சொல் நோ. தலை நோகும், வயிறு நோகும், நெஞ்சு நோகும். வலி என்று தனியாகச் சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது விழுந்து உதறுகிற அந்த வருத்தம்தான். கேள்விகளைத் தமிழாக்கியவர் சென்னையிலிருந்து வந்த ஒரு பெண். நல்ல தமிழ், குறை சொல்ல இடமில்லை. அவருடைய தமிழை இன்னொருவர் திரும்ப ஆங்கிலமாக்கிச் சரிபார்த்திருந்தார். அவரும் சென்னைக்காரர். இரண்டு பேருக்கு நடுவிலும் அந்தச் சொல் ஒரு கீறலும் விழாமல் போய் வந்திருந்தது.

அதற்குப் பிறகு போனது வட லண்டனில் எட்மண்டனுக்கு. மன்னாரிலிருந்து வந்த குடும்பம். கணவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். அவர் இருந்த கதிரைக்கு மேலே சுவரில் இயேசுவின் திரு இருதயப் படம், அதன் அடியில் ஒரு சின்னச் சிவப்பு மின்குமிழ். நெஞ்சு வலி இல்லை என்றார். பக்கத்தைப் புரட்டினேன். எல்லாம் முடிந்து நான் பைக்குள் தாள்களை வைத்த பிறகு அவர் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்தார். பேசிக்கொண்டிருக்கையில் கணவர் கையைப் பொத்தி, மார்பின் நடுவில் வைத்து அழுத்தி, வலுக்கட்டாயமாக ஓர் ஏப்பம் விட்டார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா. வாய்வு."

"சாப்பிட்டாப் பிறகோ?"

"இல்லை, இல்லை. ஸ்டேஷன் படி ஏறினா வந்திடும். கொஞ்சம் நிண்டா இறங்கிடும். படியில சும்மா நிண்டா ஆக்கள் பாப்பினம்தானே. பேப்பரை விரிச்சு வாசிக்கிற மாதிரி நிப்பன்."

கையில் இருந்த கோப்பையை வைத்தேன். அவருக்கு நான் சொன்னது எனக்குச் சரியாக நினைவில் இருக்கிறது: நான் டொக்டர் இல்லை, ஆனால் நீங்கள் இதைக் கட்டாயம் டொக்டரிடம் காட்ட வேண்டும், இப்போது எனக்குச் சொன்ன மாதிரியே சொல்ல வேண்டும். அவர் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை. வாசல்வரை வந்து, "நான் கூட்டிக்கொண்டு போறன்" என்றார்.

எட்மண்டனிலிருந்து சட்டனுக்கு நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு வர வேண்டும். இருக்க இடம் இருந்தது. என்னால் இருக்க முடியவில்லை. கதவருகே நின்றேன், வேறு கதவுக்குப் போனேன், திரும்ப வந்தேன். பேப்பர் வாசிக்கிற மாதிரி. வட்டி வீதம் வாசிக்கிற மாதிரி. வீட்டுக்கடன் எடுக்க யோசனையே இல்லாத மனிதர் எதற்காகத் தினமும் வட்டி வீதம் வாசிக்கிறார்?

அடுத்த நாள் காலை நான் முன்னால் போகவில்லை. அண்ணைக்குப் பக்கத்தில் நடந்தேன். குளிர் காற்று முகத்தில் அடித்தது. சப்பாத்துக் கடைக்குக் கொஞ்சம் முன்னதாகவே அவர் பேச்சு நின்றது. கடைக்கு முன்னால் கால்கள் நின்றன. இதற்கு முன் நான் அவர் முதுகைத்தான் பார்த்திருந்தேன். இப்போது கண்ணாடியில் முகம் தெரிந்தது. அவர் சப்பாத்தைப் பார்க்கவில்லை. கண்கள் எதையும் பார்க்கவில்லை.

"அண்ணை, என்ன செய்யுது?"

"ஒண்டும் இல்லை."

"ஏன் நிக்கிறியள்?"

"வாய்வு ஏறுது. நிண்டா இறங்கும்."

"எவ்வளவு காலமா?"

"ஆருக்குத் தெரியும்? குளிர் காலத்தில கூட."

"ஏறேக்க மட்டுமோ? பின்னேரம் இறங்கி வரேக்க?"

"இறங்கேக்க என்னத்துக்கு வருது?"

"அண்ணை, வாய்வுக்கு மேடு பள்ளம் தெரியுமோ?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் வந்துவிட்டது. "உன்ர வேலையை என்னில பழகாதை. உன்னட்டைக் கேள்வித்தாள் இருக்கெண்டு எல்லாரும் நோயாளியோ? நட, ரயில் போகுது." சொல்லிவிட்டு நடந்தார். வட்டி வீதத்துக்கு முன்னால் நின்றார். நான் அவர் பக்கத்தில் நின்று நானும் வாசித்தேன். எனக்கும் ஓர் எண்ணும் மனதில் பதியவில்லை.

அன்று வேலையில் என்னால் ஒரே இடத்தில் இருக்க முடியவில்லை. சீவியிருந்த பென்சில்களைத் திரும்பச் சீவினேன். முகவரிகளைத் தெரு ஒழுங்கில் அடுக்கி, பிறகு பெயர் ஒழுங்கில் அடுக்கினேன். கடைசியில் லண்டன் பகுதிக்குப் பொறுப்பான வைத்தியரின் அறைக்குப் போனேன். ஸ்கொட்லாந்துக்காரர், மெலிந்தவர், எப்போதும் யன்னல் விளிம்பில் சாய்ந்து நின்றே பேசுவார். என்னைத் தன் கதிரையில் இருக்கச் சொன்னார். வலி, நோ, வாய்வு மூன்றையும் சொன்னேன். வெஸ்ட் ஈலிங் அம்மாவையும் எட்மண்டன்காரரையும் பெயர் சொல்லாமல் சொன்னேன். அவர் அந்தச் சொற்களைச் சொல்லிப் பார்த்தார். வாய்வு அவர் வாயில் வரவில்லை.

"அப்படியானால் வாய்வு இருக்கிறதா என்று கேட்டால்?" என்றார் ஆங்கிலத்தில்.

அதை நான் ஏற்கெனவே யோசித்திருந்தேன். முந்தின நாள் மாலை அண்ணியிடமும் அவரைப் பார்க்க வந்திருந்த மூன்று பேரிடமும் கேட்டும் பார்த்திருந்தேன். எல்லோருக்கும் இருந்தது. ஒருவருக்கு முழங்காலில் வாய்வு, ஒருவருக்குத் தோளில், அண்ணிக்கு உருளைக்கிழங்கு சாப்பிட்டால் தலையில். "வாய்வு இல்லாத தமிழன் ஆர், மச்சாள்?" என்று அண்ணி கேட்டதை அவருக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"பாதி வழியில் கேள்வியை மாற்ற முடியாது," என்றார். "ஏன் என்று உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"இந்தச் சுற்று முடிந்ததும் அந்தப் பக்கத்தை விடாமல் எல்லோரிடமும் கேட்போம். அதுவரை, தாளை மூடிய பிறகு யாராவது இப்படிச் சொன்னால் என்னிடம் சொல்லுங்கள். அவர்கள் சம்மதித்தால் அவர்களுடைய வைத்தியருக்கு நான் எழுதுகிறேன்."

நான் எழுந்திருக்கவில்லை. அண்ணையைப் பற்றியும் சொன்னேன். சப்பாத்துக் கடை, வட்டி வீதம், புல்வெட்டி. எங்களுக்குத் தோட்டம் இல்லை என்பதையும்.

யன்னலை விட்டு நிமிர்ந்தார். "உங்கள் அண்ணன் என் ஆய்வில் இல்லையே."

"இல்லை."

"அப்படியானால் அவரிடம் நீங்கள் எதையும் எப்படியும் கேட்கலாம். விளக்கம் சொல்லலாம். தலையாட்டலாம். கத்தவும் செய்யலாம்." பிறகு மெதுவாக, "இன்றைக்கே செய்யுங்கள்," என்றார்.

அந்த இன்றைக்கே என்ற சொல்தான் என்னை வீட்டுக்கு ஓட வைத்தது. கத்தினேன். அண்ணி அழுதார். அண்ணை இரண்டு பேரின் வாயையும் மூடுவதற்காக, டொக்டரிடம் போவதாகச் சொன்னார். தனியாகத்தான் போவேன் என்றும் சொன்னார். போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு பெரிய போத்தல் நிறைய வெள்ளை மருந்து.

"பாத்தியா? டொக்டரே சொல்லிப்போட்டார். காஸ் தானாம்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"காஸ் எண்டு சொன்னனான்."

அந்த டொக்டரில் பிழை இல்லை. அண்ணை வாய்வை ஒழுங்காக மொழிபெயர்த்திருந்தார். காஸ் என்றவருக்குக் காஸுக்கு மருந்து. அண்ணி போத்தலைச் சாமி படத்துக்கு முன் வைத்துக் கும்பிட்டுவிட்டு ஒரு கரண்டி ஊற்றிக் கொடுத்தார். அண்ணை முகத்தைச் சுளித்துக் குடித்து, என்னைப் பார்த்து ஒரு ஏப்பம் விட்டார். வெற்றி ஏப்பம்.

அந்தச் சனி, ஞாயிறு எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அலுமாரியில் இருந்த சேலைகளை எல்லாம் எடுத்து மடித்து வைத்தேன். அண்ணை சாமான் பையோடு படியேறி வருகிற சத்தம் கேட்டால் கதவைத் திறந்து பார்ப்பேன். முதல் மாடியில் சத்தம் நிற்கும். பிறகு தொடரும். நின்ற இடத்தில் பார்க்க ஒன்றும் இல்லை, ஒரு நெருப்பணைக்கும் வாளியைத் தவிர.

"என்ன, சிஐடி வேலையோ?" என்பார் மேலே வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு.

"மருந்து குடிச்சும் ஏன் நிண்டனீங்கள்?"

பையைக் கொண்டுபோய்க் குசினியில் வைத்தார். வெங்காயத்தை வெளியில் எடுத்து அடுக்கினார். பிறகு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "மருந்துக்குக் கேக்குதில்லைத்தான்," என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டேன். ஒப்பந்தம் ஒன்று செய்தோம். இன்னொரு முறை டொக்டரிடம் போவது, நானும் கூடப் போவது. நான் வாய் திறக்கக் கூடாது என்பது அவருடைய நிபந்தனை. வாய்வு என்றோ காஸ் என்றோ அவர் சொல்லக் கூடாது என்பது என்னுடையது.

"அப்ப என்னெண்டு சொல்லுறது? அதுக்கு வேற பேர் இல்லையே."

"பேரை விடுங்கோ. காலமை வீட்டால வெளிக்கிட்டு ஸ்டேஷன் மட்டும் என்ன நடக்குது எண்டு சொல்லுங்கோ. அவ்வளவுதான்."

டொக்டரின் அறையில், என்ன பிரச்சினை என்று அவர் கேட்டதும் அண்ணை வாயைத் திறந்தார். சொல் வந்துவிட்டது என்று நினைத்தேன். மூடினார். கோட்டுப் பொத்தானைத் தடவினார். பிறகு தன் கிடங்கு ஆங்கிலத்தில் சப்பாத்துக் கடையிலிருந்து தொடங்கினார். முதலில் இங்கே நிற்பேன், பிறகு அங்கே. குளிர் என்றால் சப்பாத்துக் கடைக்கு முதலே பழக்கடையிலும் நிற்பேன். புல்வெட்டிக் கடைக்கு வந்ததும் டொக்டர் சிரித்தார். அவரும் அந்தத் தெருவால் போகிறவர். உங்களிடம் பெரிய புல்தரையா என்று கேட்டார்.

"புல்லே இல்லை," என்றார் அண்ணை.

டொக்டர் எழுதுவதை நிறுத்தினார். நின்றால் என்ன ஆகும் என்று கேட்டார். போய்விடும் என்றார் அண்ணை. எங்கே அது என்றதும் அண்ணை கையைப் பொத்தி மார்பின் நடுவில் வைத்தார். அந்த விடப்பட்ட பக்கத்தின் கேள்விகளை, அதே வரிசையில் இல்லாவிட்டாலும், டொக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு போனார். நான் ஒப்பந்தப்படி கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு வாயை மூடியிருந்தேன்.

ஆஸ்பத்திரிக்கு எழுதினார். அங்கே கூப்பிட்ட அன்று அண்ணை என்னை உள்ளே வரச் சொன்னார். மார்பில் வயர்கள் ஒட்டி, நடை இயந்திரத்தில் ஏற்றினார்கள். ஓர் இளம்பெண் பொத்தானை அழுத்த, ரப்பர் பாதை ஓடத் தொடங்கியது. அண்ணை மேலாடை இல்லாமல், கிடங்குச் சப்பாத்தோடு நடந்தார். முதலில் எனக்குக் கண்ணைக் காட்டிப் பகிடி விட்டார். பிறகு பாதை முன்பக்கம் உயர்ந்தது. அந்த அறையில் சட்டன் ஹை ஸ்ட்ரீட்டைச் செய்துவிட்டார்கள்.

பேச்சு நின்றது. தலை இடப்பக்கம் திரும்பியது. தெருவில் கடைகள் இருக்கிற பக்கம். அங்கே இருந்தது வெறும் சுவர். கண்கள் அந்த வெள்ளைச் சுவரில் எதையோ தேடின. கால்கள் நிற்கப் பார்த்தன, பாதை நிற்கவில்லை. ஒரு கை கம்பியைப் பிடித்திருந்தது. மற்றக் கை பொத்திக்கொண்டு மார்புக்குப் போனது.

"வாய்வு," என்றார் என்னைப் பார்த்து. அது எனக்கு மட்டும் சொன்னது.

"என்ன சொல்கிறார்?" என்று அந்தப் பெண் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

பிறர் சொன்னதைச் சொன்னபடி எழுதுவதுதான் என் வேலை. அந்த வேலையில் இருந்த அத்தனை வருடங்களிலும் நான் ஒரு பதிலைச் சொன்னபடி கொடுக்காதது அந்த ஒரு முறைதான். "நெஞ்சு நோகுதாம்," என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் இயந்திரத்தை நிறுத்தினாள். கதவைத் திறந்து ஒருவரைக் கூப்பிட்டாள். அவர் வந்து தாளில் ஓடிய கோடுகளைப் பார்த்தார். அண்ணையைப் படுக்க வைத்து நாக்கின் கீழ் எதையோ வைத்தார். அன்று அவரை வீட்டுக்கு விடவில்லை.

காலிலிருந்து இரத்தக் குழாய் எடுத்து நெஞ்சுக்குள் வைத்துத் தைத்தார்கள். வார்டில் கண் விழித்ததும் அண்ணை கேட்ட முதல் கேள்வி சாப்பாடு தருவார்களா என்பது. இரண்டு துண்டு பாண் கொடுத்தார்களாம். "அண்டைக்கும் சாப்பிடேல்லை," என்று பிறகு எல்லோருக்கும் சொல்லித் திரிந்தார். அண்ணி பொரிப்பதைக் குறைத்தார், குறைத்ததாகச் சொன்னார். சிகரெட் வீட்டிலும் இல்லை, கிடங்கிலும் இல்லை. கிடங்கில் இல்லை என்பது அவர் வாக்கு மட்டும்தான். எட்மண்டன்காரரை அவர் மனைவி கூட்டிக்கொண்டு போனாரா என்று எனக்குத் தெரியவில்லை. சம்மதம் வாங்கி, எங்கள் ஆய்வு வைத்தியர் அவருடைய டொக்டருக்குக் கடிதம் எழுதினார் என்பது வரைக்கும்தான் தெரியும். அந்த வீட்டுக்கு அடுத்த சுற்றில் வேறொருவர் போனார். ரயில் எட்மண்டனைக் கடக்கும்போதெல்லாம் படிகளைப் பார்ப்பேன். பேப்பரை விரித்துக்கொண்டு யாராவது நிற்கிறார்களா என்று.

அடுத்த சுற்றில் அந்தப் பக்கத்தை எல்லோரிடமும் கேட்டோம். வலி என்ற சொல்லுக்குப் பக்கத்தில் நோ என்ற சொல்லும் அச்சாகி வந்தது. வாய்வு வரவில்லை. அது வராதது சரிதான்.

வைத்தியர்கள் நடக்கச் சொல்லியிருந்தார்கள். தொண்ணூறுகள் தொடங்கிவிட்டன. வசந்தம் வந்து, அண்ணை திரும்ப வேலைக்குப் போகத் தொடங்கிய கிழமை, இரண்டு பேரும் ஹை ஸ்ட்ரீட்டால் ஏறினோம். இப்போது அவர் முன்னால், நான் பின்னால். சப்பாத்துக் கடையைத் திரும்பியும் பாராமல் கடந்தார். வட்டி வீதத்தைக் கடந்தார். நான் அவர் தோளைப் பார்த்துக்கொண்டே போனேன்.

புல்வெட்டிக் கடைக்கு முன்னால் நின்றார்.

ஓடினேன். பக்கத்தில் போனபோது முகம் கண்ணாடிக்கு அருகில், கைகள் கோட்டுப் பைக்குள்.

"அண்ணை, என்ன செய்யுது?"

முகத்தை இன்னும் கண்ணாடிக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"அண்ணை!"

"சத்தம் போடாதை. உந்தப் பச்சை மிசினைப் பார். மலிவில போட்டிருக்கினம்."

"எங்களுக்குப் புல்லு எங்க கிடக்கு?"

"பாத்தால் காசு கேப்பினமோ?"

கண்ணாடியில் அவர் கண்களைப் பார்த்தேன். இயந்திரத்தைத்தான் பார்க்கின்றன என்று தோன்றியது. நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. பைக்குள் இருக்கும் கை விரிந்திருக்கிறதா, பொத்தியிருக்கிறதா என்றும் தெரியவில்லை.

"கையை வெளியில எடுங்கோ."

"என்ன?"

"எடுங்கோ எண்டு சொல்லுறன்."

இரண்டு கைகளையும் எடுத்து, விரல்களை விரித்து, உள்ளங்கையையும் புறங்கையையும் மாறிமாறிக் காட்டினார். பள்ளிக்கூடத்தில் நகம் பார்க்க நீட்டுகிற மாதிரி. "காணுமோ, இன்ஸ்பெக்டர்?"

மேலே ரயில் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. ஓடினால் பிடித்துவிடலாம். அவர் என்னைப் பார்த்தார். நான் கண்ணாடிப் பக்கம் திரும்பி, பச்சை இயந்திரத்தின் விலை எவ்வளவு என்று கேட்டேன். அவர் சொன்னார். ரயில் போய்விட்டது.